விலைச்சீட்டில் ஏறாத செலவு

பள்ளிக்குக் கணினி வந்த வரலாறு – பகுதி 9
நூறு டாலர் மடிக்கணினி: பெருவும் உருகுவேயும் (2005–2012)

மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மடிக்கணினி என்ற கொள்கையை 2002-இல் மாநில அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், ஆப்பிள் நிறுவனத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் கணினியைத் தனிப்பொருளாக விலை பேசவில்லை என்பதும், கருவி, கம்பியில்லா வலையமைப்பு, பழுதுநீக்கம், ஆசிரியர் பயிற்சி ஆகிய அனைத்தையும் ஒன்றாகச் சேர்த்து, ஓர் இருக்கைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 300 டாலர் என்ற கணக்கில் பணம் கொடுத்தது என்பதும் சென்ற பகுதியில் விளக்கப்பட்டன. அந்த ஒப்பந்தம் நடப்பில் இருந்தபோதே, 2005 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் கூடிய உலகப் பொருளாதார மன்றத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஊடக ஆய்வகத்தை நிறுவியவர்களுள் ஒருவரான நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, வளரும் நாடுகளின் குழந்தைகளுக்காக 100 டாலர் விலையில் ஒரு மடிக்கணினி உருவாக்கப்படும் என்று அறிவித்தார்.

மெய்ன் ஓர் ஆண்டின் செலவைக் கணக்கிட்டது. டாவோஸ் அறிவிப்போ ஒரு பொருளின் விலையைச் சொன்னது. அளவைகள் இரண்டும் வேறானவை என்றாலும், அரசுகளின் காதில் விழுந்தது 300-ஐவிட 100 சிறிது என்ற எளிய ஒப்பீடுதான். அறிவிப்பை ஏற்றுப் பெரிய அளவில் செயலில் இறங்கிய நாடுகளுள் தென்னமெரிக்காவின் பெருவும் உருகுவேயும் முதன்மையானவை. இவ்விரு நாடுகளும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே அமைப்பிடமிருந்து, ஒரே கருவியை வாங்கின. ஆயினும் ஒரு நாட்டில் திட்டம் சில ஆண்டுகளில் வேகமிழந்து ஒதுங்க, மற்றொரு நாட்டில் அது சட்டத்தின் துணையோடு அரசின் நிலையான உறுப்பாக வேரூன்றியது. கருவி ஒன்றாக இருந்தும் கதை இரண்டானதற்கான காரணங்களுள் முதன்மையானதைச் செலவுக் கணக்கின் வழியாகத் தேடுவதே இப்பகுதியின் நோக்கம்.

கல்விக் கோட்பாடும் செலவுக் கணக்கும்

நூறு டாலர் கணினியின் பின்னால் ஒரு நீண்ட சிந்தனை மரபு இருந்தது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜேயிடம் ஜெனீவாவில் பணியாற்றியவரும், பின்னர் மாசசூசெட்ஸுக்கு வந்து 1967-இல் சிறுவர்களுக்கான லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கிய குழுவில் முதன்மையானவருமான சீமோர் பேப்பர்ட், குழந்தை தன் கையால் ஒன்றை ஆக்கும்போதுதான் ஆழமாகக் கற்கிறது என்று வாதிட்டார். இக்கோட்பாடு ஆக்கவழிக் கற்றல் எனப்படும். ஆலன் கே என்னும் கணினி அறிஞர் 1972-இல் எழுதிய கட்டுரையொன்றில், குழந்தை புத்தகம்போல் எடுத்துச் செல்லக்கூடிய டைனாபுக் என்ற கணினியைக் கற்பனையில் வடித்தார். 1982-இல் பேப்பர்ட்டும் நெக்ரோபோன்டேயும் செனகல் நாட்டின் டக்கார் நகரையொட்டிய பள்ளிக்கு ஆப்பிள் கணினிகளைக் கொண்டுசென்று, ஏழை நாட்டுக் குழந்தைகளிடமும் இக்கோட்பாடு செல்லுபடியாகும் என்று காட்ட முனைந்தனர்.

இந்த மரபைச் செலவு வரலாற்றில் குறிப்பிட வேண்டியதன் காரணம், கற்றல் பற்றிய ஒரு நம்பிக்கை அப்படியே வரவு செலவுத் திட்டத்தின் வடிவத்தைத் தீர்மானித்ததுதான். குழந்தை தானே தேடி, தானே பிழை திருத்தி, சக மாணவருக்கும் கற்றுக்கொடுக்கும் என்று கருதப்பட்டதால், ஆசிரியர் பயிற்சி என்பது திட்டத்தின் தலைப்புச் செலவுகளுள் ஒன்றாக இடம்பெறவில்லை. ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற பெயரில் தொடங்கப்பட்ட இலாப நோக்கற்ற அமைப்பு தனக்கு வகுத்துக்கொண்ட ஐந்து நெறிகள், கருவி குழந்தைக்கே சொந்தமாதல், இளம் வயதிலேயே வழங்குதல், ஒரு பகுதியில் ஒருவர் விடாமல் அனைவருக்கும் கொடுத்தல், இணைய இணைப்பு, கட்டற்ற மென்பொருள் ஆகியவை. நான்காவதாகச் சொல்லப்பட்ட இணைப்பு ஒவ்வொரு நாட்டின் பொறுப்பாகவும் விடப்பட்டது. ஆசிரியர், பழுதுநீக்கம், மின்சாரம் ஆகியவை ஐந்தில் ஒன்றாகவும் எண்ணப்படவில்லை. சிறு அளவில் சோதித்துப் பார்த்து விரிவாக்கும் வழக்கமான முறையிலும் நெக்ரோபோன்டேக்கு நம்பிக்கை இருக்கவில்லை. நாடொன்றுக்குக் குறைந்தது பத்து லட்சம் என்ற அளவில் அரசுகள் நேரடியாக வாங்க வேண்டும் என்பதே அவருடைய தொடக்கக் கணக்கு.

நூறு, நூற்றெழுபத்தைந்து, நூற்றெண்பத்தெட்டு

2005 நவம்பரில் துனிசியாவின் தலைநகரான துனிசில் நடந்த தகவல் சமூகத்துக்கான உலக உச்சிமாநாட்டில், அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் முன்னிலையில் முதல் மாதிரி காட்டப்பட்டது. மின்சாரம் இல்லாத ஊரிலும் கையால் சுழற்றி மின்னூட்டம் செய்யலாம் என்பதற்காக அதன் பக்கவாட்டில் பொருத்தப்பட்டிருந்த மஞ்சள் நிறக் கைப்பிடி உலகச் செய்தித்தாள்களில் படமாக இடம்பெற்றது. எனினும் சுழற்றும் விசையை மெல்லிய உடற்கூடு தாங்காது என்பதால் பின்னைய வடிவத்தில் அக்கைப்பிடி கைவிடப்பட்டது.

எக்ஸ்ஓ என்று பெயரிடப்பட்ட இறுதி வடிவம், பொறியியல் நோக்கில், சிக்கனத்தின் அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. மடிக்கணினியின் பாகங்களுள் விலை மிகுந்தவற்றுள் திரையும் ஒன்றாதலால், மேரி லூ ஜெப்சன் தலைமையில் புதிய வகைத் திரை ஒன்று வடிவமைக்கப்பட்டது. அது உள்ளரங்கில் வண்ணத்திலும், பின்னொளியை அணைத்துவிட்டால் கொளுத்தும் வெயிலில்கூடக் கறுப்பு வெள்ளையிலும் தெளிவாகத் தெரிந்தது. சுழலும் வட்டுக்குப் பதிலாக ஒரு ஜிகாபைட் மின்நினைவகம், 256 மெகாபைட் செயல்நினைவகம், விசிறி தேவைப்படாத குறைமின் செயலி, தூசியும் நீர்த்துளியும் புகாதபடி இரப்பர் படலத்தால் மூடப்பட்ட சிறு விரல்களுக்கான விசைப்பலகை, தூக்கிச் செல்லப் பிடி, நிமிர்த்தினால் முயல் காதுகள்போல் நிற்கும் இரு அலைவாங்கிகள் என ஒவ்வொன்றும் செலவையும் சேதத்தையும் குறைக்கும் நோக்கில் அமைந்தது. மேல்மூடியில் இருந்த சின்னம் பல வண்ணச் சேர்க்கைகளில் அச்சிடப்பட்டதால், ஒரே மாதிரியான கணினிகள் குவிந்த வகுப்பிலும் குழந்தை தன்னுடையதை அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது. லினக்ஸ் இயக்கமுறைமையின்மேல் சுகர் என்ற பெயரில் தனி இடைமுகம் எழுதப்பட்டமையால் மென்பொருளுக்கு உரிமத் தொகை எதுவும் இல்லை.

இத்தனை சிக்கனத்துக்குப் பிறகும் 100 டாலர் என்ற இலக்கு எட்டப்படவில்லை. 2007 ஏப்ரலில் விலை ஏறத்தாழ 175 டாலராகவும், தைவானின் குவாண்டா நிறுவனம் பெருந்தொகுதி உற்பத்தியைத் தொடங்கிய அவ்வாண்டின் இறுதியில் 188 டாலராகவும் இருந்தது. மூலப்பொருள் விலையேற்றமும் நாணய மதிப்பின் ஏற்ற இறக்கமும் காரணமாகக் கூறப்பட்டன. அவற்றினும் பெரிய காரணம் கொள்முதல் அளவு குன்றியதாகும். உற்பத்திப் பொருளாதாரத்தில் அளவுச் சிக்கனம் எனப்படுவது, வடிவமைப்புக்கும் அச்சுகளுக்கும் இயந்திரங்களுக்கும் செய்யும் முன்செலவு எத்தனை அதிகப் பொருள்கள்மீது பங்கிடப்படுகிறதோ அத்தனைக்கு ஒரு பொருளின் விலை குறைவதைக் குறிக்கும். 100 டாலர் என்ற கணக்கு கோடிக்கணக்கான கருவிகள் விற்கும் என்ற எதிர்பார்ப்பின்மேல் எழுப்பப்பட்டிருந்தது. விலை குறைந்தால் வாங்குவோம் என்று அரசுகள் காத்திருக்க, வாங்கினால்தான் குறையும் என்ற நிலையில் தயாரிப்பாளர் நின்றனர்.

வாய்மொழி உறுதிகள் கொள்முதல் ஆணைகளாக மாறாததற்கு அரசியலும் காரணமாயிற்று. ஆர்வம் காட்டிய தாய்லாந்தின் தக்சின் அரசு 2006 செப்டம்பரில் இராணுவப் புரட்சியில் கவிழ்ந்தது. நைஜீரியாவில் 2007-இல் ஆட்சி மாறியதும் முந்தைய குடியரசுத் தலைவரின் உறுதி கைவிடப்பட்டது. நாட்டின் பள்ளிக் குழந்தைகள் அனைவருக்கும் வாங்குவதாக லிபியா கையொப்பமிட்ட உடன்படிக்கையும் நிறைவேறவில்லை. இதற்கிடையில் இன்டெல் நிறுவனம் கிளாஸ்மேட் என்ற போட்டிக் கருவியுடன் அதே அரசுகளின் வாசலுக்குச் சென்றது. 2007 ஜூலையில் நெக்ரோபோன்டேயின் அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்த அந்நிறுவனம், 2008 ஜனவரியிலேயே விலகிக்கொண்டது. அரசுகளின் இடத்தை நிரப்ப, 399 டாலர் கொடுக்கும் செல்வ நாட்டவருக்கு ஒரு கணினியும் ஏழை நாட்டுக் குழந்தைக்கு இன்னொன்றும் வழங்கும் ஏற்பாடு 2007 நவம்பரில் அறிமுகமாயிற்று. மலிவான சிறு மடிக்கணினிக்குச் சந்தை உண்டு என்ற எண்ணத்தை இம்முயற்சி வலுப்படுத்தியது என்பதும், அதே ஆண்டில் வெளிவந்த ஆசுஸ் ஈ-பிசி போன்ற கருவிகள் அச்சந்தையைக் கைப்பற்றிக்கொண்டன என்பதும் இவ்வரலாற்றின் கிளைக்கதைகள்.

மொத்த உடைமைச் செலவு

கணினியின் விலை 100-ஆ, 188-ஆ என்ற விவாதம் ஊடகங்களை நிறைத்திருந்த அதே ஆண்டுகளில், நிறுவனங்களின் கணக்குத் துறைகளில் வேறொரு கருத்து ஏற்கெனவே வழக்கிலிருந்தது. கார்ட்னர் என்னும் ஆய்வு நிறுவனம் 1987 முதல் பரப்பிவந்த மொத்த உடைமைச் செலவு என்ற அக்கருத்தின்படி, ஒரு கணினியின் உண்மைச் செலவு என்பது வாங்கும் நாளில் தரும் விலையோடு, அது பயன்பாட்டிலிருந்து ஓய்வுபெறும் நாள்வரை அதற்காகச் செய்யும் எல்லாச் செலவுகளின் கூட்டுத்தொகையாகும். இதில் முதலாவது மூலதனச் செலவு. ஒருமுறை செய்வதோடு முடிவது. பின்னது தொடர் செலவு. ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டில் இடம்பெற வேண்டியது. யானையை வாங்குவதைக் காட்டிலும் கட்டித் தீனி போடுவதே பெரிது என்ற நாட்டுவழக்கு சொல்வதும் இதையே.

பள்ளியைப் பொறுத்தவரை இத்தொடர் செலவின் தலைப்புகள் பலவாகும். முப்பது மின்கலங்களை ஒரே நேரத்தில் மின்னூட்டம் செய்ய வகுப்பறைக்குப் போதிய மின்செருகிகளும் தாங்கக்கூடிய கம்பியமைப்பும் வேண்டும். உடைந்த திரைக்கும் கிழிந்த விசைப்பலகைக்கும் உதிரிபாகம் வேண்டும். அதைப் பொருத்தத் தெரிந்தவர் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். இணைய இணைப்புக்கு மாதக் கட்டணமும் பள்ளி வழங்கிக்குப் பராமரிப்பும் தேவை. ஆசிரியருக்கு முதல் பயிற்சியோடு மறுபயிற்சியும், ஐயம் எழும்போது கேட்க ஒருவரும் தேவை. நான்கைந்து ஆண்டுகளில் கருவியின் ஆயுள் முடிவதால், முதல் தொகுதிக்கு மாற்றாக அடுத்த தொகுதியை வாங்கும் நிதியை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க வேண்டும். கணக்கியலில் இது தேய்மான ஒதுக்கீடு எனப்படும். தேர்தல் காலத்தை மனத்தில் வைத்து வகுக்கப்படும் திட்டங்களில் முதலில் விடுபடுவது இந்தக் கடைசித் தலைப்பே. ஏனெனில் வழங்கும் விழா இந்த ஆட்சியில் நடக்க, மாற்றும் செலவு அடுத்த ஆட்சியின் தலையில் விழுகிறது.

நாடுகளின் கல்விச் செலவோடு ஒப்பிட்டால் இத்தொகைகளின் கனம் விளங்கும். குறைந்த வருவாய் நாடுகள் தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 48 டாலரும், நடுத்தர வருவாய் நாடுகள் 555 டாலரும் செலவிட்டதாகக் கல்விப் பொருளாதார ஆய்வுகள் அக்காலத்தில் மதிப்பிட்டிருந்தன. ஒரு கணினியின் விலை 200 டாலர், ஆயுள் ஐந்தாண்டு எனக் கொண்டால், கருவிக்கு மட்டும் ஆண்டுக்கு 40 டாலர் ஆகும். அது நடுத்தர வருவாய் நாட்டுக்கு நூற்றுக்கு ஏழு என்ற அளவிலான கூடுதல் சுமையாகவும், ஏழை நாட்டுக்குக் கல்விச் செலவையே ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் சுமையாகவும் அமையும். உலகின் வறிய குழந்தைகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்ட கருவியைப் பெருந்தொகையில் வாங்கியவை நடுத்தர வருவாய் நாடுகளாகவே இருந்ததற்கு இக்கணக்கே போதிய விளக்கம்.

பெரு: அகலப் பரந்த கொள்முதல்

பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசா தேர்வில் முதன்முறை பங்கேற்றபோது கடைசி இடத்தைப் பெற்ற பெருவில், கல்வியின் தாழ்நிலை தேசிய அவமானமாகவே கருதப்பட்டது. 2006-இல் ஆட்சிக்கு வந்த குடியரசுத் தலைவர் அலன் கார்சியாவின் அரசு, தலைநகர் லிமாவுக்கு வடகிழக்கே ஆண்டீஸ் மலைப்பகுதியிலுள்ள அராவாய் என்ற சிற்றூரில் 2007-இல் ஒரு முன்னோட்டம் நடத்திவிட்டு, அவ்வாண்டின் இறுதிக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்ஓ கணினிகளுக்கு ஆணையிட்டது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளையும் சேர்த்து நடத்தும் ஆண்டீஸ் மலைநாட்டுப் பள்ளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. நல்ல ஆசிரியர் போய்ச்சேராத இடத்துக்குக் கருவியாவது போய்ச்சேரட்டும் என்ற சமூக நீதி நோக்கம் அதில் இருந்ததை மறுக்க இயலாது. சில ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகள் எட்டு லட்சத்தைத் தாண்டின. செலவு 20 கோடி டாலர் அளவுக்கு உயர்ந்தது. எண்ணிக்கையில் உலகிலேயே மிகப் பெரிய எக்ஸ்ஓ திட்டமாக அது விளங்கியது.

இத்திட்டத்தின் விளைவை இடை-அமெரிக்க வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் 319 ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் ஒப்பீட்டு முறையில் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். கணினி பெறும் பள்ளிகளும் பெறாத பள்ளிகளும் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, இரு தரப்பும் பின்னர் ஒரே தேர்வால் அளக்கப்படும் இம்முறையில், திட்டத்தின் தனி விளைவு பிற காரணங்களிலிருந்து பிரித்தறியப்படுகிறது. கணினி பெற்ற பள்ளிகளில் மாணவர் ஒருவருக்கு 1.18 கணினியும், பெறாத பள்ளிகளில் 0.12 கணினியும் இருந்தன. ஏறத்தாழ 15 மாதப் பயன்பாட்டுக்குப் பின்னும் கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் வேறுபாடு தென்படவில்லை. வருகைப் பதிவும் மாறவில்லை. வீட்டில் ஐந்து புத்தகங்களுக்குமேல் இல்லாத குழந்தைகளே பெரும்பான்மையாக இருந்த அப்பகுதியில் ஒவ்வொரு கணினியிலும் 200 நூல்கள் ஏற்றப்பட்டிருந்தும் வாசிப்புப் பழக்கம் கூடவில்லை. வடிவங்களிடையே ஒழுங்கைக் கண்டறியும் ரேவன் தேர்வு போன்ற பொது அறிதிறன் அளவீடுகளில் மட்டும் ஓரளவு முன்னேற்றம் காணப்பட்டது.

ஆய்வு காட்டும் நடைமுறை விவரங்கள் மதிப்பெண்களைவிடத் தெளிவாகச் செலவுக் கதையைச் சொல்கின்றன. அப்பள்ளிகளுள் இணைய இணைப்புப் பெற்றவை மிகச் சிலவே என்பதால், ஒன்றோடொன்று வலைபின்னிப் பேசும் திறன்கொண்ட கருவிக்கு வெளியுலகத்தோடு பேச வழியில்லாது போயிற்று. ஆசிரியர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி திட்டமிடப்பட்டது. கருவியை இயக்கும் முறையை அறிமுகம் செய்ய அது போதலாம், பாடத்திட்டத்தோடு அதை இணைக்கப் போதாது. கணினி உடைந்தாலோ காணாமற்போனாலோ யார் பொறுப்பு என்பது தெளிவாக்கப்படாததால், பல பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் அவற்றை வீட்டுக்கு அனுப்பத் தயங்கினர். சில இடங்களில் பெற்றோரே வேண்டாம் என்றனர். கருவி குழந்தைக்கே சொந்தம் என்பது முதல் நெறியாக இருந்தும், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்ற குழந்தைகள் பாதிக்கும் குறைவாகவே இருந்தனர். பழுதின் செலவை ஏற்க அரசுக் கணக்கில் ஒரு தலைப்பு இருந்திருந்தால் அக்கணினிகளுள் பல வீடுகளுக்குச் சென்றிருக்கும் என்று கருத இடமுண்டு.

உருகுவே: ஆழ வேரூன்றிய ஏற்பாடு

அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் இடையில் அமைந்த, ஏறத்தாழ 33 லட்சம் மக்கள்தொகை கொண்ட உருகுவே பெரும்பாலும் சமவெளி நாடு. மின்சாரம் ஏறக்குறைய எங்கும் உண்டு. தொலைத்தொடர்பு ஆன்டெல் என்ற அரசு நிறுவனத்தின் கையில் இருந்தது. பெருவோடு ஒப்பிடும்போது இச்சாதகங்களை மறந்துவிடலாகாது. புற்றுநோய் மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்த குடியரசுத் தலைவர் தபாரே வாஸ்கெஸ், 2006 டிசம்பரில் அறிவித்து 2007 ஏப்ரலில் ஆணை வழியாகத் தொடங்கிய சேய்பால் என்னும் மாணவர் மடிக்கணினித் திட்டத்தைக் கல்வி அமைச்சகத்திடம் மட்டும் ஒப்படைக்காமல், தொழில்நுட்பத் தரச்சோதனை செய்துவந்த லாத்து என்னும் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பில் வைத்தார். ஏலம், சேமிப்பு, விநியோகம், பழுது ஆகியவற்றில் பழகிய பொறியாளர்கள் மிகேல் பிரெக்னர் தலைமையில் அதை நடத்தினர். திட்டத்தின் நோக்கமாகத் தேர்வு மதிப்பெண்ணைவிடச் சமூக சமத்துவமே முன்வைக்கப்பட்டது என்பதும் இங்கே குறிக்கத்தக்கது.

2007 மே மாதத்தில் புளோரிடா மாவட்டத்தின் வில்லா கார்டல் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 150 மாணவர் பயின்ற ஒரே பள்ளியில் முன்னோட்டம் நடந்தது. அங்கே எழுந்த சிக்கல்களைக் கண்டறிந்த பின்னரே, அக்டோபரில், இன்டெல் கருவியும் போட்டியிட்ட ஒப்பந்தப்புள்ளியின் வழியாக முதல் ஒரு லட்சம் எக்ஸ்ஓ வாங்க முடிவாயிற்று. நாட்டின் உள்மாவட்டங்கள் முதலிலும், தலைநகர் மொன்டேவிடியோ கடைசியிலும் என விநியோகம் வரிசைப்படுத்தப்பட்டது. அரசு வழங்கும் எதுவும் தலைநகரில் தொடங்கி ஓரங்களில் தேய்ந்துபோகும் வழக்கத்தை இவ்வரிசை தலைகீழாக்கியது. பள்ளிகளுக்கு இணைப்பு தரும் பணியை ஆன்டெல் ஏற்றது. திருட்டைத் தடுக்க, குறிப்பிட்ட காலத்துக்குள் பள்ளியின் வழங்கியோடு தொடர்புகொள்ளாத கணினி தானாகவே பூட்டிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டமையால், திருடியவருக்கு அது விற்கவும் பயன்படுத்தவும் உதவாத பொருளாயிற்று. 2009 அக்டோபரில், அரசுத் தொடக்கப்பள்ளி மாணவர் ஏறத்தாழ 3,62,000 பேருக்கும் ஆசிரியர் 18,000 பேருக்கும் கணினி வழங்கி முடித்து, அவ்வாறு செய்த முதல் நாடு என்ற பெயரை உருகுவே பெற்றது.

அப்போது வெளியிடப்பட்ட செலவு விவரம் இத்தொடரின் மையப் பொருளுக்கு மிகவும் முக்கியமானது. கருவி, பராமரிப்பு, பழுதுநீக்கம், ஆசிரியர் பயிற்சி, இணைய இணைப்பு அனைத்தும் சேர்ந்து குழந்தை ஒன்றுக்கு 260 டாலர் ஆயிற்று என்றும், அதன் பின்னர் ஆண்டுதோறும் குழந்தைக்கு 21 டாலர் தேவைப்படும் என்றும் கூறப்பட்டது. மொத்தச் செலவு நாட்டின் கல்வி நிதியில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 3,62,000 குழந்தைகளுக்குப் பெருக்கினால் முதற்செலவு ஏறத்தாழ 9.4 கோடி டாலரும், தொடர் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 76 லட்சம் டாலரும் ஆகும். கருவியின் விலை 190 முதல் 200 டாலர் எனக் கொண்டால், 260-இல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விலைச்சீட்டில் இடம்பெறாத செலவு.

பெரு செலவிட்டதாகச் சொல்லப்படும் 20 கோடி டாலரை எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளுக்குப் பங்கிட்டாலும் ஒரு கருவிக்கு 200 டாலருக்கு மேல்தான் வருகிறது. உருகுவேயின் 260-இலிருந்து அது வெகு தொலைவில் இல்லை. ஆகவே இரு நாடுகளுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தொகையின் பெருமை சிறுமையில் காண முடியாது. அத்தொகைக்கு எவையெவை வாங்கப்பட்டன, எத்தனை ஆண்டுகளுக்கு வாங்கப்பட்டன என்பதில்தான் காண வேண்டும். பெரு கணினிகளை வாங்கியது. உருகுவே கணினிகளோடு அவற்றை இயங்கவைக்கும் அமைப்பையும் வாங்கியது. 2010-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டமியற்றிச் சேய்பாலுக்குத் தனி நிறுவன வடிவம் கொடுத்ததும், தொடர் செலவு ஒவ்வோர் ஆண்டும் அரசின் விருப்பத்தைப் பொறுத்த சலுகையாக இல்லாமல் நிதி ஒதுக்கீட்டின் வழக்கமான தலைப்பாக மாறியது. இத்தனைக்கும் பிறகு அங்கேயும் கணினிகளில் கணிசமான பங்கு பழுதாகிக் கிடந்த காலம் உண்டு. பழுது, வசதி குறைந்த குடும்பங்களிடமே மிகுதி என்று கண்டறியப்பட்டபோது, பழுதுநீக்கத்தை ஊர்களுக்கு அருகே கொண்டுசெல்லும் ஏற்பாடுகள் விரிவாக்கப்பட்டன.

எதை வாங்கிற்று அந்தச் செலவு?

உருகுவே கணக்கைச் சரியாகப் போட்டது என்பதனால் அங்கே கற்றல் உயர்ந்தது என்று முடிவு கட்டுவது வரலாற்றுப் பிழையாகும். சேய்பாலின் தொடக்க ஆண்டுகளை ஆராய்ந்து பொருளியலாளர்களான தே மேலோ, மச்சாடோ, மிராண்டா ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, கணிதத்திலும் வாசிப்பிலும் கணினியால் மதிப்பெண் உயர்ந்ததாகக் காட்டவில்லை. பராகுவேயில் நடந்த சிறிய திட்டத்தைப் பல மாதங்கள் உடனிருந்து ஆராய்ந்த மார்கன் ஏம்ஸ், பழுதாலும் ஆர்வமின்மையாலும் பல கணினிகள் பயன்படாமற்போனதையும், பயன்படுத்தியவர்களுள் பெரும்பாலோர் அதை இசைக்கும் விளையாட்டுக்கும் காணொளிக்குமே நாடியதையும் 2019-இல் நூலாகப் பதிவுசெய்தார். குழந்தை தானே கற்கும் என்ற தொடக்க நம்பிக்கை, அந்நம்பிக்கை எதிர்பார்த்த அளவில், எந்த நாட்டிலும் மெய்ப்படவில்லை.

ஆயினும் உருகுவேயின் அமைப்பு, கருவியின் ஆயுளைத் தாண்டி வேறு பயன்களைத் தந்தது. ஆங்கில ஆசிரியர் போதாமையை ஈடுசெய்ய, பிரிட்டிஷ் கவுன்சிலின் ஒத்துழைப்போடு 2012 முதல் காணொளி வழியாகத் தொலைவிலுள்ள ஆசிரியர் பாடம் நடத்தும் முறை அதே இணைப்புகளின்மேல் எழுப்பப்பட்டது. மாணவரின் நிலைக்கேற்பக் கணக்குகளைத் தரும் பயிற்சித் தளமொன்றும் சேர்க்கப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனா பரவலால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கருவியும் கணக்கும் இணைப்பும் ஆசிரியர்களின் பழக்கமும் ஏற்கெனவே இருந்த நாடாக உருகுவே நின்றது. எக்ஸ்ஓ கணினிகள் அதற்குள் ஓய்வுபெற்று, அவற்றின் இடத்தில் வேறு மடிக்கணினிகளும் டேப்லெட்டுகளும் வந்திருந்தன. அமெரிக்காவிலிருந்த மூல அமைப்போ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சுருங்கிவிட்டிருந்தது. தொடர் செலவுக்கு இடமளித்த கணக்கே கருவி மறைந்த பின்னும் திட்டத்தை உயிரோடு வைத்திருந்தது.

இவற்றிலிருந்து அரசுத் திட்டங்களை மதிப்பிட இரு தனித்தனி வினாக்கள் பிறக்கின்றன. செலவு முழுமையாகக் கணக்கிடப்பட்டதா என்பது முதல் வினா. அச்செலவால் எதிர்பார்க்கப்பட்ட பயன் எது என்பது இரண்டாவது. மதிப்பெண் உயர்வே பயன் என்றால் இரு நாடுகளும் தொடக்க ஆண்டுகளில் தோற்றன. செல்வர் வீட்டுக் குழந்தைக்கு இருக்கும் கருவி ஏழைக் குழந்தைக்கும் இருக்க வேண்டும் என்பதே பயன் என்றால், உருகுவே அதை அடைந்து நிலைநிறுத்தியது. பெரு அடைந்தும் நிலைநிறுத்தவில்லை. இரண்டாம் வினாவுக்கு அரசியல் விடை சொல்லலாம். முதல் வினாவுக்கு எண்களால் மட்டுமே விடை சொல்ல இயலும்.

இந்தியாவின் விடை

ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினித் திட்டத்தில் இந்தியாவைச் சேர்க்கவும் நெக்ரோபோன்டே முயன்றார். வகுப்பறைகளும் ஆசிரியர்களும் அதைவிட அவசரத் தேவைகள் என்றும், கல்வி நோக்கில் திட்டத்தின் பயன் ஐயத்துக்குரியது என்றும் கூறி, மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2006-இல் அதை மறுத்தது. எனினும் விலையின் கவர்ச்சி அமைச்சகத்தை விட்டு அகலவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், 2011 அக்டோபர் 5 அன்று, ஏறத்தாழ 50 டாலர் கொள்முதல் விலையில் ஆகாஷ் என்ற டேப்லெட்டை அதே அமைச்சகம் புதுதில்லியில் அறிமுகம் செய்தபோது, நூறு டாலரையும் பாதியாக்கிய பெருமையே முன்னிறுத்தப்பட்டது.

அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்னர், 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்த நாளில், தமிழ்நாட்டில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்திருந்தார். அது எக்ஸ்ஓ மரபிலிருந்து மூன்று வகையில் விலகியது: தொடக்கப்பள்ளிக் குழந்தைக்குப் பதிலாக மேல்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவரை நோக்கியது, தனியே வடிவமைத்த சிறுவர் கருவிக்குப் பதிலாகச் சந்தையில் கிடைக்கும் முழு அளவு மடிக்கணினியை எல்காட் நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளி வழியாக வாங்கியது, கல்விக் கோட்பாட்டிலிருந்து பிறக்காமல் தேர்தல் அறிக்கையிலிருந்து பிறந்தது. எண்ணிக்கையில் பெருவையும் உருகுவேயையும் கூட்டினாலும் எட்டாத அளவுக்கு வளர்ந்த அத்திட்டத்தில், இணைப்புக்கும் பழுதுக்கும் ஆசிரியருக்கும் கணக்கில் எந்த இடம் தரப்பட்டது என்பதையும், தேர்தல் வாக்குறுதியாக அது உச்ச நீதிமன்றம்வரை சென்று 2013-இல் பெற்ற தீர்ப்பையும் அடுத்த பகுதி ஆராயும்.

(தொடரும்)